இன்னும் ஒரு மூணு மாசம் இருந்துட்டுப் போங்களேன்!

வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீடுகளில் தவறாமல் ஒலிக்கிற வசனம்தான் தலைப்பு. அப்பா அம்மா போய் இறங்கி நாலு மாசம் ஆகியிருக்கும். ஜெட்லாக் போய், குளிர் பழகி, எந்தக் குழாயைத் திருப்பினால் வெந்நீர் வரும் என்று புரிந்து, அம்மா அந்த ஊர் அடுப்பில் இட்லி ஊற்ற ஆரம்பித்திருப்பார். அப்போது யாராவது ஒருத்தர், "ஆறு மாசத்துல ஏன் அனுப்பறீங்க? ஒரு ஃபார்ம் போட்டா இன்னும் ஆறு மாசம் ஈஸியா கிடைக்கும்" என்று கொளுத்திப் போடுவார். அவ்வளவுதான், வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்.

நான் இருப்பது புனேயில். தங்கை குடும்பம் நியூ ஜெர்ஸியில். அப்பா அம்மா கும்பகோணத்தில். அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு பக்கத்து ஃபோனும் எனக்கு வரும். தங்கை ஃபோனில் சொல்வதும் அப்பா ஃபோனில் சொல்வதும் ஒன்றாக இருக்காது :-) இப்படி நடுவில் உட்கார்ந்து கேட்டதில் எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூரிஸ்ட் விசாவில் போனவர்கள் தங்கும் காலத்தை நீட்டிக்க வழி இருப்பது நல்ல விஷயம். ஆனால் அது ஆபத்துக்கு வைத்திருக்கிற கதவு. அதை வாசல் கதவாக ஆக்கிக்கொள்வது பெரியவர்களுக்கும் நல்லதில்லை, அடுத்த பயணத்துக்கும் நல்லதில்லை.

முதலில் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். படித்தவர்கள் வீட்டிலேயே இது இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அமெரிக்க பி-1/பி-2 விசா நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் கிடைக்கிறது. பத்து வருஷம் என்றால் பத்து வருஷம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. அது விமான நிலையம் வரை போய், "உள்ளே விடுவீர்களா?" என்று கேட்க உரிமை தரும் சீட்டு, அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்று முடிவு செய்பவர், அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவர் போடும் தேதிதான் ஐ-94. பி-2 என்றால் வழக்கமாக ஆறு மாசம் கொடுப்பார்கள்.

முன்பு இந்த ஐ-94 ஒரு வெள்ளை அட்டை. பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பார்கள். கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 2013-லிருந்து விமானத்தில் போகிறவர்களுக்கு அது மின்னணுப் பதிவாகிவிட்டது. வசதிதான், ஆனால் கையில் காகிதம் இல்லாததால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. விசாவில் இருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். போய் இறங்கிய மறுநாளே அமெரிக்க எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் ஐ-94-ஐ எடுத்து, பிரிண்ட் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், விசா வகை, தேதி எல்லாம் சரியா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் அந்தத் துறையின் அலுவலகத்துக்கு உடனே எழுதித் திருத்தச் சொல்லலாம். கிளம்புகிற வாரம் பார்த்தால் திண்டாட்டம்தான்.

இந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் இருந்தாலும், நீட்டிப்புக்கு எதுவும் போடாமல் இருந்திருந்தால், அந்தப் பத்து வருஷ விசா செல்லாததாகிவிடும். அதற்குப் பிறகு சொந்த நாட்டில் மறுபடி விண்ணப்பித்து, மறுபடி இண்டர்வியூ. 2022-ல் டெல்லியிலும் மும்பையிலும் இந்த விசா இண்டர்வியூவுக்கு 800 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 180 நாளுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூணு வருஷம் உள்ளே வர முடியாது. ஒரு வருஷம் ஆகிவிட்டால் பத்து வருஷம். எழுபது வயசுக்காரருக்குப் பத்து வருஷத் தடை என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நீட்டிப்பு விஷயத்துக்கு வருவோம். அதற்கான ஃபார்ம் ஐ-539. ஐ-94 தேதி முடிவதற்குள் போட்டாக வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னாடியே போடச் சொல்கிறது குடியேற்றத் துறை. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி காகிதத்தில் அனுப்பினால் 470 டாலர், ஆன்லைனில் போட்டால் 420. ஏன் தங்க வேண்டும், இது தற்காலிகம்தான் என்பதற்கு என்ன ஆதாரம், செலவுக்குப் பணம் எங்கிருந்து, ஊரில் வீடு வாசல் இருக்கிறதா, எப்போது திரும்புவீர்கள் - இதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டும்.

நேரத்தோடு போட்டுவிட்டால், பதில் வரும்வரை அங்கே இருப்பது சட்டமீறலாகக் கணக்கில் சேராது. அதனால்தான் எல்லோரும் "போட்டுட்டா போதும்" என்கிறார்கள். பல பேருக்குப் பதில் வருவதற்குள் கேட்ட மூணு மாசமே முடிந்து, அவர்கள் ஊருக்கும் திரும்பி, ஆவணி அவிட்டமும் கழிந்துவிடுகிறது. ஆனால் நடுவில் "முடியாது" என்று பதில் வந்தால்? மறுநாளிலிருந்தே சட்டமீறல் கணக்கு ஓட ஆரம்பிக்கும். 2025 பிப்ரவரியில் வந்த புதிய உத்தரவுப்படி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அந்த நேரத்தில் தங்கும் உரிமையும் இல்லாதவர்களுக்குக் குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். வாழ்க்கையில் ரேஷன் கடை தவிர எந்த அரசாங்க வாசலிலும் சண்டை போடாத ஒரு பாட்டிக்கு அப்படி ஒரு கடுதாசி வந்தால் எப்படி இருக்கும்? "ஈஸியா கிடைக்கும்" என்று கொளுத்திப் போட்டவர் அப்போது கூட வரமாட்டார்.

அப்படியே நீட்டித்துத் தங்கினால், விண்ணப்ப ரசீது, போர்டிங் பாஸ், எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உள்ளே நுழையும்போது, "போன தடவை ஏன் ஒன்பது மாசம் இருந்தீங்க?" என்று கேட்டால் அப்பாவால் பேசிப் புரியவைக்க முடியாது, காகிதம்தான் பேச வேண்டும்.

இதெல்லாம் சட்டம். விசாரித்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு.

அந்த விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைக்க வேண்டும். பெரியவர்கள் பெயரில், அவர்கள் கையெழுத்தோடு. "இந்த அழகான நாட்டை இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன். நயாகரா பார்க்கவில்லை, கிராண்ட் கேன்யன் போகவில்லை..." என்று ஆங்கிலத்தில் மாப்பிள்ளை டைப் அடித்திருப்பார். அம்மா எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்டிருப்பார். நிஜக் காரணம் என்ன? டே கேரில் இடம் கிடைக்க இன்னும் நாலு மாசம். அல்லது மகளின் லீவு முடிந்துவிட்டது, குழந்தையை அவ்வளவு சின்ன வயசில் வெளியில் விட மனசில்லை. எல்லாம் நியாயமான கஷ்டம்தான். ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு நிஜமாகவே என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் யாராவது கேட்டார்களா?

பி-2 விசாவில் வேலை செய்யக்கூடாது. சொந்தப் பேரக்குழந்தையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்வது அந்தக் கணக்கில் வருமா என்ற வக்கீல் வாதத்துக்குள் நான் போகவில்லை. வீட்டுக் கணக்குப்படி அது வேலைதான். காலை ஆறு மணிக்குக் காபி, அப்புறம் டிஃபன், பாட்டில் கழுவி, குழந்தையைக் குளிப்பாட்டி, தூங்க வைத்து, துணி மடித்து, ராத்திரி சமையல். இதை ஆறு மாசம் செய்யும்போது பேரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்துவிடலாம். ஏழாவது மாசத்திலிருந்து முழங்கால் பேச ஆரம்பிக்கும். அதுவும் எக்ஸ்டென்ஷன் மாசங்கள் பெரும்பாலும் எப்போது வருகிறது பாருங்கள். ஏப்ரலில் போனவர்களுக்கு அக்டோபரில் ஐ-94 முடியும். நீட்டித்தால் கிடைப்பது நவம்பர், டிசம்பர், ஜனவரி. நாலரை மணிக்கு இருட்டு. வெளியே பனி. கார் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த வீடு ஏஸி போட்ட ஜெயில். கும்பகோணத்தில் தினம் மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றி, டீக்கடையில் பேப்பர் படித்து, நாலு பேரிடம் வம்பு பேசி வந்த மனிதர், அங்கே ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்பாக்களுக்கு முன்பெல்லாம் கௌரவமான ஒரு சாக்கு இருந்தது. நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும்! மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டிய மாசம். "நான் போகலைன்னா பென்ஷன் நின்னுடும்மா" என்று ஒரு வரி சொன்னால் போதும், மகளும் மாப்பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு டிக்கெட் போட்டுவிடுவார்கள். மகள் மனசும் புண்படாது, இவரும் ஊர் வந்து சேரலாம். 2014 நவம்பரில் அதை டிஜிட்டல் ஆக்கினார்கள். 2021 நவம்பரில் மொபைலில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்துவிட்டது. தபால் துறையில் ரிட்டயரான என் அப்பாவுக்கு இந்தச் செய்தியை நான்தான் உற்சாகமாகச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "இதை உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார் :-)

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள், முக்கியமாகப் பெண் வீட்டில் தங்கியிருப்பவர்கள், "எனக்குப் போகணும்" என்று நேரே சொல்லமாட்டார்கள். "உங்க சௌகரியம்ப்பா" என்பார்கள். அது சம்மதம் இல்லை. மரியாதை. மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் அம்மா எதற்கும் சரி என்றுதான் சொல்வார். அவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும். முடிந்தால் இந்தியாவில் இருக்கும் அண்ணன் தம்பியை விட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாசம் கேட்காமல் மூணாவது மாசமே கேட்க வேண்டும், அந்த 45 நாள் கணக்கு கழுத்தைப் பிடிப்பதற்கு முன்னால்.

இன்னொன்று, உடம்பு. எழுபதைத் தாண்டியவர்களுக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். வயசு ஏற ஏற பிரீமியம் ஏறும், கிடைக்கும் தொகை இறங்கும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர், இருதய நோய்க்குப் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும், அல்லது திடீரென்று தீவிரமானால் மட்டும் ஒரு அளவுக்குத் தரும். 1986-ல் வந்த ஒரு சட்டப்படி, எமர்ஜென்ஸியில் வருபவரைப் பணம் இல்லை என்று அமெரிக்க ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்ப முடியாது, நிலைமையைச் சீராக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பில் பின்னாலேயே வீட்டுக்கு வரும். நீட்டிப்புக்கு ஃபார்ம் போடுகிற பலர் பாலிசியை நீட்டிக்க மறந்துவிடுகிறார்கள். பழையது முடிவதற்குள் அதையும் நீட்டிக்க வேண்டும். ஊரில் "திரும்பி வந்து பண்ணிக்கலாம்" என்று தள்ளிப்போட்ட கண்புரை ஆபரேஷன், பல், மூட்டு, எல்லாம் இன்னொரு மூணு மாசம் தள்ளிப்போகும். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஈபி பில், வீட்டு வரி, தென்னை மரத்துக்குத் தண்ணீர் விட ஆள் என்று புனேயில் இருந்தபடி நான் ரிமோட்டில் குடும்பம் நடத்துவது தனிக்கதை. அது எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் அந்த வீட்டை நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

அப்படியானால் நீட்டிக்கவே கூடாதா? இல்லீங்க. 2020 மார்ச் 22-ஆம் தேதியோடு இந்தியாவுக்கான சர்வதேச விமானங்கள் நின்றபோது எத்தனை அப்பா அம்மாக்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். மே 7-ல் வந்தே பாரத் விமானங்கள் ஆரம்பித்த பிறகும் இடம் கிடைக்க மாசக்கணக்கில் ஆயிற்று. அன்று இந்த ஃபார்ம்தான் அவர்களைச் சட்டத்துக்குள் வைத்திருந்தது. திடீரென்று ஆபரேஷன், குறைப்பிரசவம், கால் முறிவு - இதற்கெல்லாம் தயங்காமல் போடுங்கள். டாக்டர் கடிதத்தோடு உண்மைக் காரணத்தை எழுதுங்கள். நயாகராவை இழுக்காதீர்கள், அது எங்கேயும் போகாது.

எல்லாப் பெரியவர்களும் ஊருக்கு ஏங்குகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியம்மா இருக்கிறார். பெரியப்பா போன பிறகு ஊரில் அந்த வீடு அவருக்கு நாலு சுவரும் ஒரு டிவியும்தான். மகன் வீட்டில் பேத்தியோடு லைப்ரரி போகிறார், வார இறுதியில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகிறார், வாட்ஸப்பில் எங்களுக்கு ஃபோட்டோ அனுப்பி வெறுப்பேற்றுகிறார். "ஊர்ல எனக்கு யார் இருக்கா?" என்கிறார். அவர் இன்னும் மூணு மாசம் கேட்டால் அது அவர் ஆசை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவருக்கு வேண்டியது மூணு மாசம் இல்லை. மகனோடு வாழ்வது. அதற்கு டூரிஸ்ட் விசா பதில் ஆகாது.

இந்த இடத்தில் நாட்டுக்கு நாடு மனசு வேறு என்று பார்க்கலாம். கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கென்றே சூப்பர் விசா கொண்டுவந்தது. அப்போது ஒரு தடவை போனால் இரண்டு வருஷம் வரை தங்கலாம். 2022 ஜூலையில் அதை ஐந்து வருஷமாக்கினார்கள். ஒரு லட்சம் கனடிய டாலருக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆஸ்திரேலியா 2019-லிருந்து மூணு அல்லது ஐந்து வருஷத்துக்குப் பெற்றோர் தற்காலிக விசா தருகிறது. அதே ஆஸ்திரேலியா சில விசிட்டர் விசாக்களில் 8503 என்று ஒரு நிபந்தனை போட்டுவிடும். போட்டுவிட்டால் நீட்டிப்புப் பேச்சே கிடையாது. பிரிட்டனில் வழக்கமான விசிட்டர் விசாவில் ஆறு மாசம்தான், மருத்துவம் மாதிரி சில காரணங்கள் தவிர அதைத் தாண்ட முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் மிகத் தவிர்க்க முடியாத காரணம் காட்ட வேண்டும். அமெரிக்காவில் பெற்றோருக்கென்று நடுவழி எதுவும் இல்லை. பிள்ளை 21 வயதான குடிமகனாக இருந்தால் க்ரீன் கார்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் க்ரீன் கார்டு வாங்கினால் அங்கேதான் வாழ வேண்டும், நினைத்தபோது கும்பகோணத்தில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வர முடியாது. வயதானவர்களுக்கான மெடிகேருக்கும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஹெச்-1பியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் எல்லோரும் ஐ-539-ஐப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

என் யோசனை எளிதுதான். ஆறு மாசம் என்பது உச்சவரம்பு, அதை முழுசாக நிரப்பியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மே மாசம் போய் செப்டம்பரில் திரும்பினால் நல்ல வெயில், நடைப்பயிற்சி, ஊர் சுற்றல் எல்லாம் நடக்கும், நவராத்திரிக்கு வீட்டில் கொலுவும் வைக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நம்மவர்கள் கண்டுபிடித்த சம்பந்தி ஷிப்ட் முறை இருக்கவே இருக்கிறது, பெண் வீட்டார் ஒரு ஆறு மாசம், பிள்ளை வீட்டார் ஒரு ஆறு மாசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் டே கேருக்குப் பணம் கட்டுங்கள். அந்தப் பணம் மிச்சமாகிறது என்பதற்காக எழுபது வயசு முழங்காலைச் செலவு செய்யாதீர்கள். இரண்டு பயணங்களுக்கு நடுவில் நல்ல இடைவெளியும் விடுங்கள். இத்தனை மாசம் என்று எழுதிவைத்த விதி கிடையாது, ஆனால் போன வருஷம் ஒன்பது மாசம் இருந்தவர் இந்த வருஷமும் வந்து நின்றால், "சுற்றிப் பார்க்க வந்தீங்களா, குடியிருக்க வந்தீங்களா?" என்று அதிகாரி கேட்கத்தான் செய்வார்.

நாம் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வந்தது நம்முடைய முடிவு. அதற்கு அவர்கள் குறுக்கே நிற்கவில்லை. அவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஃபார்மை நிரப்புவதற்கு முன்னால், நிரப்பாமல் இருப்பதற்கு முன்னாலும்தான், தனியாக உட்கார வைத்து ஒரு தடவை கேளுங்கள். "உங்க சௌகரியம்" என்று பதில் வந்தால், இன்னொரு தடவை கேளுங்கள்.